பெயர் மட்டும் எழுதவில்லை

செமிலிங்,
9 ஜூன் 2024

அன்பு மகள் ரூபினிக்கு,

என் கையெழுத்துக்காக முதலில் மன்னித்துக்கொள். வரிகள் மேலே ஏறும், பிறகு தானாகவே கீழே இறங்கும். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். ஆனால் என் எழுத்து கோட்டின் பேச்சைக் கேட்பதில்லை. இத்தனை வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிய கை. பேனா அதற்கு ரொம்ப லேசாக இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் தாள் கிழிகிறது. நேற்றுக் காலையில் தொடங்கினேன், இன்று மத்தியானம்தான் இந்த வரிக்கு வந்திருக்கிறேன். நீயும் மெதுவாகவே படி.

யாரையும் கேட்டு எழுதவில்லை அம்மா. இது அப்பாவேதான்.

கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பு நடக்கிறது என்று போனில் சொன்னேனே. வாசுகி டீச்சர் நடத்துகிறார். தமிழ்ப் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் என் வயதுக்காரர்கள், இல்லை கொஞ்சம் குறைந்தவர்கள். பீடோங்கில் நான் முடி வெட்டிக்கொள்ளும் கடைக்கு ஒரு பெயர் இருக்கிறது, தெரியுமா? பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறான். இவ்வளவு காலமும் அதற்குக் கீழே உட்கார்ந்து தலையைக் கொடுத்திருக்கிறேன். இப்போதுதான் படித்தேன். கடைக்காரரிடம் சொன்னால், "அது என் மாமனார் பேருண்ணே, நானே மறந்துட்டேன்" என்கிறார்.

உன் அம்மா படத்துக்குக் கீழே எழுதியிருப்பது அவள் பெயர் என்று எனக்குத் தெரியும். ஆனால் போன மாதம்தான் அதை நானே எழுத்துக் கூட்டினேன். புஷ்பவள்ளி. நீளமான பெயர். படித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

வகுப்பில் ஒரு வழக்கம். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து எதையாவது கொண்டுவந்து எல்லார் முன்னாலும் எழுந்து நின்று படிக்க வேண்டும். அய்யாவு ஊதுபத்திப் பெட்டியைக் கொண்டுவருவார். எப்போதும் அதே பெட்டிதான். அவர் படிக்கவில்லை, மனப்பாடமாகச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் கேட்பதில்லை. நான் நாட்காட்டித் தாளைக் கிழித்துக்கொண்டு போனேன். "அண்ணே, ராசிபலன் போதும், இன்னும் கொஞ்சம் நீளமா ஏதாவது கொண்டுவாங்க" என்றார் டீச்சர்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இனிமேல் நீ எனக்குப் போன் செய்யாதே, எழுது. போனை வைத்தவுடன் நீ சொன்னதில் பாதி மறந்துவிடுகிறது. ஞாபகப்படுத்தவும் வீட்டில் ஆள் இல்லை. கடிதம் என்றால் மேசையிலேயே இருக்கும். வேண்டும்போது எடுத்துப் பார்ப்பேன்.

உன் வேலையைப் பற்றி எழுது. இங்கே எல்லாரும் "மக டாக்டரா, நர்ஸா?" என்று கேட்கிறார்கள். "பந்து விளையாடுற பிள்ளைங்களுக்குக் கால் கட்டிவிடுறா" என்றேன். அய்யாவு சிரித்துவிட்டார். "கால் கட்டு போடணும்னா கல்யாணம் பண்ணி வைக்கணும், அதுக்குப் படிப்பு எதுக்குலா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்காகவாவது விளக்கமாக எழுது.

தைப்பூசத்துக்குப் பிறகு நீ வரவே இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எழுதத் தெரிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

உன்னையே நினைத்திருக்கும் அப்பா,
அம்மாசி


ஜோகூர் பாரு,
16 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சிரமமில்லாமல் படிக்க எழுத்தைப் பெரிதாகவும் தள்ளித் தள்ளியும் எழுதுகிறேன். நானும் தமிழில் எழுதி வெகுகாலம் ஆகிவிட்டது. பிழை இருந்தால் வாசுகி டீச்சரைப் போல வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

என் தபால் பெட்டிக்கு மின்சார பில்லைத் தவிர வேறு எதுவும் வராது. உங்கள் உறையைப் பார்த்ததும் யாரோ வீடு மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு என் பெயரைப் பார்த்தேன். நீங்கள் என் பெயரை எழுதி நான் பார்த்ததே இல்லை அப்பா. பள்ளி ரிப்போர்ட் கார்டில் கட்டைவிரல் வைப்பீர்கள், எனக்கு வெட்கமாக இருக்கும். அந்த உறையை எடுத்து வைத்திருக்கிறேன்.

இனி என் வேலை. அய்யாவு மாமாவிடம் இப்படிச் சொல்லுங்கள். எங்கள் கால்பந்துக் குழுவில் யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பட்டால் மைதானத்துக்குள் முதலில் ஓடுவதும் நான்தான். கணுக்கால் கட்டுவேன், ஐஸ் வைப்பேன், தசை பிடித்தால் நீவிவிடுவேன். ஆனால் இதெல்லாம் சின்ன வேலை. பெரிய வேலை என்னவென்றால், ஒருவன் திரும்ப ஆடலாமா கூடாதா என்று சொல்வது. நான் வேண்டாம் என்றால் அவன் உட்கார வேண்டும். பயிற்சியாளர் கத்தினாலும் சரி, அவனே அழுதாலும் சரி.

அதனால் யாரோடும் ரொம்ப நெருங்கக் கூடாது. அவர்கள் பிறந்தநாளுக்குக் கூப்பிடுவார்கள். வாசலில் வாழ்த்திவிட்டு வந்துவிடுவேன். ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுச் சிரித்துவிட்டு, மறுநாள் "நீ ஆடக்கூடாது" என்று சொல்வது எனக்கு வராது. தினமும் இத்தனை பேரைத் தொட்டு வேலை செய்கிறேன், இரவுச் சாப்பாட்டுக்கு ஒருவரும் இல்லை. இதுவும் குறை இல்லை. நீங்கள் எழுதியது போலத்தான்.

ஒரு விஷயம் மனதில் கிடந்து அழுத்துகிறது. இங்கே சொல்ல யாரும் இல்லாததால் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் நம் பீடோங் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். பெயர் வேண்டாம். நல்ல ஓட்டக்காரன். போன வாரம் பயிற்சியில் திடீரென்று குனிந்து நின்றான். "அக்கா, நெஞ்சு படபடன்னு அடிக்குது, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றான். குழு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இதயத்தில் வேறொரு சத்தம் கேட்கிறது, ஸ்கேன் எடுக்க வேண்டும், அதுவரை ஓடக்கூடாது என்றார். மற்றவர்களிடம் கணுக்கால் சுளுக்கு என்று சொல்லியிருக்கிறான். அவன் அப்பாவும் ஃபேக்டரியில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவராம். அவனுக்கு அப்போது சின்ன வயது. ஒரே பிள்ளை. "எங்க அம்மாவுக்கு இது தெரிஞ்சா செத்துடுவாங்க. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு வந்தப்புறம் நானே பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கிறேன்" என்கிறான். அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவன் அம்மா இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைப்பு வருகிறது.

உங்களிடம் சொன்னதில் பாதி பாரம் இறங்கிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் கைப்பிடியை விடாத மகள்,
ரூபினி


செமிலிங்,
23 ஜூன் 2024

அன்பு மகள் ரூபினிக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்குத் தபால்காரப் பையனை நிறுத்தி வைத்து, உறையில் இருந்த என் பெயரை அவன் முன்னாலேயே படித்துக் காட்டினேன். அவன் மலாய்ப் பையன். என்ன விஷயம் என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனால் நல்ல பிள்ளை, கைதட்டிவிட்டுப் போனான்.

மூன்று நான்கு நாட்கள் அதையே படித்தேன். முதலில் எழுத்து எழுத்தாக, பிறகு சொல் சொல்லாக. வெள்ளிக்கிழமை வந்தபோது நடுவில் நிற்காமல் ஒரு வரி முழுவதும் ஓடினேன். இந்த வயதில் ஓடினேன் என்று சொல்ல எவ்வளவு நன்றாக இருக்கிறது.

நேற்று வகுப்பில் என் முறை. எழுந்து நின்று, "என் மகள் எழுதிய கடிதம்" என்று சொன்னேன். சத்தம் அடங்கிவிட்டது. இதுவரை யாரும் கடிதம் கொண்டுவந்ததில்லை. ஊதுபத்திப் பெட்டி, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, அவ்வளவுதான். நான் முதல் எழுத்திலிருந்து கடைசியில் உன் பெயர் வரைக்கும் படித்தேன். எடுத்துச் சொல்லட்டுமா என்று டீச்சர் ஒருமுறைகூட வாயைத் திறக்கவில்லை. எங்கேயும் எனக்கு உதவி தேவைப்படவில்லை.

நீ யாருடைய மேசையிலும் உட்காருவதில்லை என்று வந்த இடத்தில் சில பேர் "ஐயோ பாவம்" என்றார்கள். அந்தப் பையனைப் பற்றி வந்த இடத்தில் அய்யாவுகூடப் பல் குத்துவதை நிறுத்திவிட்டார். முடித்ததும் அவர்தான் முதலில் பேசினார். "கால் கட்டுன்னு சொன்னேனே, மன்னிச்சிரு அம்மாசி. பொண்ணு பெரிய வேலைதான் பாக்குறா" என்றார்.

ஒரு சின்னக் குறை. ஜன்னல் பக்கம் உட்காரும் செல்லாயி, பீடோங்கிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், புதிதாகச் சேர்ந்தவள், நான் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே போய்விட்டாள். முகம் வெளுத்திருந்தது. மண்டபத்தில் காற்றாடி சரியாகச் சுற்றுவதில்லை, வெக்கை தாங்கவில்லை போலிருக்கிறது. நான் முடிக்கும்வரை இருந்திருக்கலாம்.

இன்னும் நிறைய எழுது அம்மா. அடுத்த சனிக்கிழமைக்குள் வந்தால் நல்லது.

சந்தோஷத்தில் இருக்கும் அப்பா,
அம்மாசி


ஜோகூர் பாரு,
28 ஜூன் 2024

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை அந்தப் பையன் என் அறைக்கு வந்தான். உட்காரவில்லை. "அக்கா, எங்க அம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்றான். சனிக்கிழமையிலிருந்து அவன் அம்மா நிறுத்தாமல் போன் செய்து அழுகிறாராம். விளையாட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு வா என்கிறாராம். நான் அவன் கண்ணைப் பார்த்து, "நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல" என்றேன். மனதார அப்படித்தான் நினைத்தேன். உங்களிடம் சொன்னதை நான் சொன்னதாகவே எண்ணவில்லை. நீங்கள் என் அப்பா.

நேற்று உங்கள் கடிதத்தில் செல்லாயி என்ற பெயரைப் பார்த்தேன். அவன் விவரத் தாளில் அம்மா பெயர் இருக்கும் இடத்தில் அதைப் படித்திருக்கிறேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். இன்றைக்கு அது பொய்யாக இருக்கும். நாளைக்கு இருக்காது. வீட்டிலிருந்து கொண்டுபோய்ப் படிப்பது உங்கள் வகுப்பில் வழக்கம் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். நான்தான் யோசிக்கவில்லை. பெயரை விட்டுவிட்டால் போதும் என்று நினைத்தேன். ஊரை எழுதினேன், அப்பா போன விதத்தை எழுதினேன், ஒரே பிள்ளை என்று எழுதினேன். பெயர் மட்டும்தான் எழுதவில்லை. பெற்றவளுக்குப் பெயரா வேண்டும்?

அவன் நாளைக்கு ஸ்கேனுக்குப் போக வேண்டும். போகமாட்டேன் என்கிறான். இங்கே சொல்வதெல்லாம் ஊருக்குப் போகிறது, இனி யார் என்னைத் தொட்டாலும் வாயைத் திறக்கமாட்டேன் என்றானாம். டாக்டர் சொன்னார். எனக்கு இதுதான் பயம் அப்பா. வேலை போவது பெரிதில்லை. அவன் பயந்துபோய் ஸ்கேன் எடுக்காமல், யாரிடமும் சொல்லாமல் எங்காவது மைதானத்தில் இறங்கி ஓடிவிட்டால்?

திங்கட்கிழமை நான் தலைமை டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லப் போகிறேன். தயவுசெய்து யாரிடமும் இதைப் படித்துக் காட்டாதீர்கள்.

ரூபினி


செமிலிங்,
3 ஜூலை 2024

அம்மா ரூபினி,

உன் கடிதத்தை ஒரே தடவைதான் படித்தேன். மறுபடி எடுக்கத் தைரியம் வரவில்லை. மேசையில் குப்புறக் கிடக்கிறது.

செல்லாயியின் மகன் ஜோகூரில் இருக்கிறான் என்று தெரியும். என்ன வேலை என்று நான் கேட்டதில்லை. என் மகளைப் பற்றிச் சொல்வதிலேயே எனக்கு நேரம் போய்விட்டது.

நேற்று பஸ் ஏறி பீடோங் போனேன். விசாரித்து அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, இவ்வளவு வெயில்ல?" என்றாள்.

நான் வழியெல்லாம் யோசித்து வைத்ததைச் சொன்னேன். "உன்கிட்ட உண்மையைச் சொல்லணும்மா. எனக்குப் படிக்கத் தெரியாது. அன்னைக்குக் காகிதத்தக் கையில வெச்சிக்கிட்டு சும்மா கதை விட்டேன். மகள் எழுதினது அது இல்ல."

அவள் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"சும்மா விட்ட கதையில என் புருஷன் எப்படிண்ணே வந்தாரு?"

நான் கொடியில் கிடந்த துணியைப் பார்த்தேன்.

"நீங்க ஒவ்வொரு எழுத்தா விரல வெச்சிப் படிச்சீங்க. 'ஸ்கேன்'னு வந்த எடத்துல நின்னு, மூச்சு வாங்கி, மறுபடி கூட்டுனீங்க. கதை விடுறவன் அவ்வளவு கஷ்டப்படமாட்டான்லா."

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து கோப்பி கொடுத்தாள். என் மேல் கோபம் இல்லை என்றாள். பிறகு சொன்னாள். "என் மகன் வாயால, என் பக்கத்துல உக்காந்து சொல்ல வேண்டியதுண்ணே. அத அந்த அய்யாவு பல்லு குத்திக்கிட்டு இருக்குற எடத்துல கேட்டேன். அதுதான் எனக்குத் தாங்கல. இப்ப நான் போன் பண்ணா அவன் எடுக்கறதில்ல. நான் அழுவேன்னு எடுக்கறதில்ல."

"அழாம பண்ணிப் பாரும்மா" என்றேன். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. கோப்பியைப் பாதி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். உன் தலைமை டாக்டருக்கு நான் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன். அவளிடம் சொன்னதையே எழுதுகிறேன். நான் எழுத்தறியாதவன், மகள் பெயரைச் சொல்லி இல்லாததைச் சொன்னேன், அவள் எனக்கு எதுவும் எழுதவில்லை என்று. எழுத்தறியாதவன் எப்படிக் கடிதம் எழுதினான் என்று கேட்பார்களோ? அப்படியானால் கட்டைவிரல் வைத்து அனுப்புகிறேன். வேறு யாரையாவது எழுதச் சொல்கிறேன். சனிக்கிழமை வகுப்புக்கும் இனிமேல் போகவில்லை. அங்கேயும் எல்லாரிடமும் அப்படியே சொல்லிவிட்டு நின்றுவிடுகிறேன். எனக்கு அதில் நஷ்டம் இல்லை அம்மா. இத்தனை காலம் எழுத்து இல்லாமல்தானே இருந்தேன்.

சரி என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

அப்பா


ஜோகூர் பாரு,
10 ஜூலை 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வேண்டாம். அப்படி ஒரு கடிதம் வந்தால் நானே கிழித்துப் போடுவேன்.

நீங்கள் படித்தது சரிதான் அப்பா. ஒரு எழுத்தைக்கூட நீங்கள் தப்பாகப் படிக்கவில்லை. தப்பு எழுதியவள் மேல். உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லி எனக்கு வேலை மிஞ்சினால், அந்த வேலையை வைத்துக்கொண்டு நான் யார் காலைத் தொடுவது?

தலைமை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "யாருக்கு எழுதினாய்?" என்று கேட்டார். அப்பாவுக்கு என்றேன். "அப்பாவும் வெளியாள்தான்" என்றார். திட்டியிருக்கலாம்.

விசாரணை முடியும்வரை நான் வீரர்கள் யாரையும் தொடக்கூடாது. ஐஸ் பெட்டிகளைக் கழுவுகிறேன், கட்டுத் துணிகளைச் சுற்றி அடுக்குகிறேன். அந்தப் பையனிடமும் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன். நான் சொன்னது பொய்யாகிவிட்டது, என்னிடமிருந்துதான் போனது என்றேன். அவன் தரையைப் பார்த்தபடி, "சரிக்கா" என்றான். அவ்வளவுதான். இப்போது அவனை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். அவரிடம் நான் எதுவும் கேட்கக்கூடாது. அவரும் சொல்லக்கூடாது. அதுதான் முறை. அவன் ஸ்கேன் எடுத்தானா, எடுக்கவில்லையா, என்ன வந்தது, எதுவும் எனக்குத் தெரியாது. நடைபாதையில் எதிரே வந்தால் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதுகூட எனக்கு உரிமையில்லாத கேள்வி. அவன் நடையைப் பார்த்து ஏதாவது தெரிகிறதா என்று தேடுகிறேன். பிறகு அதுவும் தவறு என்று ஜன்னலை விட்டு வந்துவிடுகிறேன்.

செல்லாயி அம்மாவைப் பார்த்துக் கேட்டு எழுதுங்கள் என்று இந்த இடத்தில் எழுதி அடித்திருக்கிறேன். அடித்ததையும் நீங்கள் விரலை வைத்துப் படித்துவிடுவீர்கள் என்று தெரியும். அதனால் சொல்கிறேன். கேட்காதீர்கள். நான் எவ்வளவு தவித்தாலும் கேட்காதீர்கள்.

வகுப்பை நிறுத்த வேண்டாம். எனக்காக இதையாவது செய்யுங்கள்.

கொஞ்ச நாள் நான் எழுதாவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னிடம் இந்த வேலையைத் தவிர வேறு செய்தி இல்லை அப்பா. அதை எழுதக்கூடாது என்று ஆனபிறகு பேனாவை எடுத்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ரூபினி


செமிலிங்,
28 ஜூலை 2024

அன்பு மகள் ரூபினிக்கு,

இதற்கு முன்னால் அனுப்பிய இரண்டு கடிதங்களும் கிடைத்திருக்கும். பதில் வரவில்லை. வராது என்று நீயே சொல்லியிருக்கிறாய். தபால்காரப் பையன்தான் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டு மெதுவாகப் போகிறான். ஏதோ அவன் குற்றம் போல.

வகுப்புக்குப் போகிறேன். நேற்று கோயில் நோட்டீசைப் படித்தேன். "மகள் லெட்டர் ஒண்ணும் வரலியா?" என்று அய்யாவு கேட்டார். வந்தால் வீட்டில் படித்துக்கொள்வேன் என்றேன். உன் பழைய கடிதங்களை இப்போது சத்தம் போடாமல் படிக்கப் பழகுகிறேன். அது கஷ்டமாக இருக்கிறது. சத்தம் வராவிட்டாலும் உதடு அசைகிறது. ஜன்னல் திறந்திருந்தால் வாயைக் கையால் மூடிக்கொண்டு படிக்கிறேன்.

இந்த வாரம் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். சொல்லக்கூடாததை விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை செல்லாயி என் வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு நான் அவள் வீட்டுக்குப் போன பிறகு அவள் வகுப்புக்கு வரவே இல்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே, "அண்ணே, மகன் போன் பண்ணான்" என்றாள். உள்ளே வாம்மா என்றேன். வரவில்லை.

"அந்த ஸ்கேன் விஷயம். என்னன்னு சொல்லட்டுமா?" என்றாள்.

என் வாய் வரைக்கும் "சொல்லு" என்று வந்துவிட்டது. உண்மையாகச் சொல்கிறேன். நீ ஜன்னலில் நிற்பது என் கண் முன்னால் தெரிந்தது. அவள் சொல்லியிருந்தால் அன்றைக்கே உனக்குப் போன் செய்திருப்பேன்.

"வேணாம்மா" என்றேன்.

"ஏண்ணே?"

"தெரிஞ்சா என் மகளுக்கு எழுதிடுவேன். எனக்கு அடக்க வராது."

"எழுதுங்களேன். அதுக்குத்தானே வந்தேன். அந்தப் பொண்ணும் அங்க நிம்மதி இல்லாம இருக்கும்ல. நான் அவன் அம்மா, நான் சொல்றேன்."

"நீ அவன் அம்மாதான். ஆனா நெஞ்சு அவனோடது. அவன் சொல்லச் சொன்னானா?"

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சொல்லச் சொல்லல" என்றாள் கடைசியில். "அப்ப உங்க மகளுக்கு யார்தான் சொல்றது?"

"அவனுக்குத் தோணுச்சுன்னா அவனே சொல்லட்டும். தோணலைன்னா, அவளுக்குத் தெரியாமலே போகட்டும்."

இதைச் சொல்லும்போது உனக்கு எதிராகப் பேசுவது போல இருந்தது அம்மா. ஆனால் நீ எழுதி அடித்ததற்குக் கீழே என்ன எழுதியிருந்தாய் என்பதும் எனக்கு ஞாபகம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தாள். கொஞ்ச நேரம் இருந்தாள். மீன் விலையைப் பற்றிப் பேசினோம். பஸ் நேரம் மாறிவிட்டதைப் பேசினோம். சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறேன் என்றாள், வந்தாள். அவள் சிரித்தாளா, அழுதாளா, என்ன சேலை, தலையில் பூ இருந்ததா என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீ அதை வைத்து எழுத்துக் கூட்டிவிடுவாய். நீ கெட்டிக்காரி, என்னைவிட வேகமாகப் படிக்கிறவள். அதனால் அவள் வந்தாள், போனாள். அவ்வளவுதான்.

அவள் போன பிறகு வீடு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. உனக்குக் கொடுக்க வேண்டியது ஒன்று வாசல் வரை வந்ததும், அதை நானே திருப்பி அனுப்பியதும் மனதை விட்டுப் போகவில்லை. அம்மா படத்துக்கு முன்னால் போய் நின்று, அவளிடமாவது சொல்லலாம் என்று பார்த்தேன். அவளிடமும் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லையே.

எழுதக் கற்றுக்கொண்டபோது எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்று சந்தோஷப்பட்டேன். இப்போது பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு எதை விடுவது என்று யோசிப்பதிலேயே காலை போய்விடுகிறது. பரவாயில்லை. எனக்கு வேறு வேலை என்ன?

உன்னிடம் செய்தி இல்லை என்று எழுதினாயே. நீ இன்று என்ன குழம்பு வைத்தாய் என்று எழுது. உப்பு கூடியதா என்று எழுது. அங்கே மழை பெய்தால் மழை என்று ஒரு சொல் எழுதிப் போடு. நான் அதை நாள் முழுவதும் படிப்பேன். இதுவும் முடியாவிட்டால் வெறும் உறையில் என் பெயரை மட்டும் எழுதி அனுப்பு.

உன் பதில் வரும்வரை காத்திருந்து எழுதுவது என்று வைத்துக்கொள்ளவில்லை. இங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமையும் போஸ்ட் ஆபீஸ் திறந்திருக்கும். வருகிற ஞாயிறும் ஒரு உறையோடு நான் அங்கே வரிசையில் நிற்பேன்.

எங்கும் போகாமல் இங்கேயே இருக்கும் அப்பா,
அம்மாசி